ஐந்தாவது ஏன்

தொப்பி போட்ட துப்பறிவாளன் மறுபடியும் அந்தப் பூட்டிய கதவின் முன்னால் போய் நின்று தாடையைச் சொறிந்தான்.

தூ! இவனெல்லாம் ஒரு துப்பறிவாளன் என்று லேப்டாப்பைப் பார்த்துக் காறித் துப்பாத குறையாக முகம் சுளித்தான் ஏகாம்பரநாதன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பிள்ளைப்பாக்கம் வாடகை வீட்டில் கறிக்குழம்பு வாசனை இன்னும் அடங்கவில்லை. திரையில் ஒரு மலை பங்களா. அதன் கடிகார அறையில் பாட்டு வாத்தியார் செத்துக் கிடக்கிறார். கதவு வெளியே பூட்டியிருக்கிறது. சந்தேகப்பட நாலு பேர், கண்டுபிடிக்க முப்பத்தாறு புதிர்.

புதிராம், பெரிய புதிர்! ஓடாத கடிகாரத்தில் மணியைத் திருப்பி வைத்தால் அலமாரி திறக்குமாம். அலமாரிக்குள் இருக்கும் பொம்மைகளை உயரப்படி அடுக்கினால் சுவர் நகருமாம். எந்த ஊரில் எவன் வீட்டுச் சுவர் அப்படி நகர்கிறது? இதையெல்லாம் உட்கார்ந்து யோசித்தவனுக்கு வேறு பொழைப்பே இல்லை போல.

ஆனாலும் விடாமல் விளையாடினான். உதவிக் குறிப்பு தரும் பொத்தானை ஒரு தடவைகூடத் தொடவில்லை. கெட்டிக்காரன் அல்லவா!

ஒரகடத்தில் ஓர் உதிரிபாகக் கம்பெனிக்கு அவன் பாதுகாப்பு இன்சார்ஜ். அங்கே ஒரு போல்ட் லூசானாலும் ஐந்து தடவை ‘ஏன்’ கேட்டு எழுதியாக வேண்டும். ஒய்-ஒய் என்பார்கள். ஐந்து கட்டம், ஐந்து ஏன். ஐந்தாவது கட்டத்தில் எழுதுவதுதான் காரணம். அதற்கு மேல் ஒருத்தனும் கேட்கமாட்டான். இந்தத் தொப்பிக்காரன் என்னடாவென்றால் ஒரே ஒரு ஏன் கேட்டுவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்துகொள்கிறான். நம்ம கம்பெனியில் இவன் ட்ரெயினியாகக்கூடத் தேறமாட்டான்.

“ஏங்க...”

வாஷிங் மெஷின் பக்கமிருந்து அவன் மனைவி மோகனப்ரியா கூப்பிட்டாள். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

விளையாட்டுக்குப் பின்னால் இன்னொரு ஃபைலும் திறந்திருந்தது. சாயந்திரம் நாலு மணிக்குள் அனுப்ப வேண்டிய ஒய்-ஒய்.

நடேசனின் விரல் ஏன் போனது? கை, தகடு அழுத்தும் பிரஸ்ஸுக்குள் இருந்தது. ஏன் இருந்தது? சிக்கின தகட்டை எடுக்க விட்டான். சென்சார் ஏன் பிரஸ்ஸை நிறுத்தவில்லை? சென்சார் நன்றாகத்தான் இருந்தது, பச்சை விளக்கு எரிந்ததை ஓடி வந்த பத்துப் பேரும் பார்த்தார்கள். நடேசன் பக்கவாட்டில் கையை விட்டான். ஏன் அப்படி விட்டான்? அவசரம்.

நாலு கட்டம் முடிந்துவிட்டது. ஐந்தாவதில் ஒரே ஒரு வார்த்தைதான் பாக்கி. கவனக்குறைவு. அதை எழுதிவிட்டால், வலது கையில் ரெண்டு விரல் போன அந்த கான்ட்ராக்ட் ஆளுக்குக் கம்பெனி கேட் இனித் திறக்காது. எழுத அரை நிமிஷம் ஆகுமா? விளையாட்டை முடித்துவிட்டு எழுதிக்கொள்ளலாம்.

சென்சாரை அணைக்கவும் திரும்பப் போடவும் ஒரே ஒரு சாவி உண்டு, சிவப்பு அட்டை கட்டியது. அது இன்சார்ஜின் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது என்று ஃபைலின் அடியில் எழுதிக் கையெழுத்தும் போட்டாயிற்று.

“ஏங்க... ஏங்க!”

காலையிலேயே நடேசனின் மனைவி பாஞ்சாலி, மோகனப்ரியாவுக்கு போன் போட்டு அழுதிருந்தாள். வெள்ளிக்கிழமை ஷிப்ட் ஆரம்பித்ததிலிருந்தே சென்சார் வேலை செய்யவில்லை என்று அவர் சொல்கிறாராம். உள்ளது உள்ளபடி எழுதச் சொல்லுங்கக்கா, ரெண்டு பிள்ளைங்க இருக்குது என்றாளாம்.

கேட்டதும் ஏகாம்பரநாதனுக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஊசி மயக்கத்தில் உளறுகிறான். அடுத்தவன் மேல் பழி போட நாக்கு மட்டும் நன்றாக வேலை செய்கிறது. அன்றைக்கு அவன் மூளை எங்கே மேயப் போயிருந்ததாம்?

முப்பத்தாறாவது புதிரும் விழுந்தது. கதவு திறந்தது.

தொப்பிக்காரன் நாலு பேரையும் கூடத்தில் நிற்க வைத்தான். ஒவ்வொருவனாகச் சுற்றி வந்தான். கடைசியில் எஸ்டேட் மேனேஜரின் கோட்டுப் பைக்குள் கையை விட்டு, கடிகார அறைச் சாவியை வெளியே எடுத்தான்.

ஏகாம்பரநாதன் தொடையைத் தட்டிச் சிரித்தான். இதற்கா ரெண்டு வாரம் ராத்திரி பகல் பார்க்காமல் மண்டையை உடைத்துக்கொண்டோம்! இவ்வளவு பண்ணினவன் சாவியைப் பாக்கெட்டிலேயே வைத்துக்கொண்டு சுற்றுவானா? அந்த ஊரில் கிணறு இல்லையா, ஏரி இல்லையா? அட, இருந்த இடத்தில் திரும்பக் கொண்டுபோய் வைக்கக்கூடவா தோன்றாது? எழுதினவன் வடிகட்டின முட்டாள். உலகத்தில் எவனும் அப்படி இருக்கமாட்டான்.

“ஏங்க!”

நாலாவது தடவை. அவன் அப்போதும் திரும்பவில்லை. திரையில் பட்டாசு வெடித்தது. நூற்றுக்கு நூறு.

பொங்கிய சந்தோஷத்தோடு அந்த இன்னொரு ஃபைலை முன்னால் கொண்டு வந்தான். ஐந்தாவது கட்டத்தில் ‘கவ’ என்று அடித்தான்.

பக்கத்தில் யாரோ வந்து நிற்பது தெரிந்தது. மோகனப்ரியாதான். துவைக்கப் போட்டிருந்த அவனுடைய வெள்ளிக்கிழமை யூனிபார்ம் பேன்ட் அவள் தோளில் தொங்கியது. ஒரு கையில் போன். இன்னொரு கையை அவன் மூக்குக்கு நேராக நீட்டி விரித்தாள். சிவப்பு அட்டை கட்டிய சாவி.

“ஏங்க, இது ஏன் உங்க பாக்கெட்டுல இருக்குது?”

அவள் போனில் பாஞ்சாலியின் பெயர் தெரிந்தது. அழைப்பு இன்னும் துண்டிக்கப்படவில்லை. நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன.