கண்ணாடி இல்லாமல் படிக்கிற வரி

பாவாயி வீட்டு வாசலில் புதிதாக வந்திறங்கிய மிளகு உதிர்க்கும் மெஷின் மாப்பிள்ளை முறுக்கோடு நிற்கிறது. சுற்றத்தான் சுற்றுகிறது, ஆனால் மணியை உதிர்ப்பதற்குப் பதிலாக நசுக்கித் துப்புகிறது. பச்சைக் காரம் மூக்கில் ஏறுகிறது. பக்கத்தில் சாக்குச் சாக்காய்ப் பறித்த மிளகுக் கொத்து, இன்றைக்கு உதிர்த்துக் காயப்போடாவிட்டால் பூசணம் பிடித்துவிடும். அவள் கையில் மிச்சமாக நிற்கும் சல்லடைத் தகட்டை எங்கே பூட்டுவதென்று குறிப்புத்தாளைத்தான் கேட்க வேண்டும். விரித்தால் அது வேட்டி நீளம்; பதினோரு மொழிகளுக்கு நடுவே தமிழுக்கு உள்ளங்கையளவு இடம், எறும்புச் சாரை எழுத்து. கீழ்நாட்டிலிருந்து மலைக்கு வேலைக்கு வந்த நர்ஸ் ஆரோக்கியமேரி மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கித் தாளை வெயிலில் பிடிக்கிறாள். மறுபக்கத்து அச்சும் ஊடுருவி வந்து எழுத்தோடு கலந்துகொள்கிறது. “நாலாம் படத்துல காட்டியபடி தகட்டைப் பூட்டவும்னு போட்டிருக்குக்கா.” “அப்படியே பூட்டிக் குடுங்க சிஸ்டர்.” “படம் மூணோட முடிஞ்சு போச்சே.” “ஏனுங்க, மருந்துச் சீட்டையே படிக்கிற கண்ணுங்க உங்களுது, இதுக்குப் போய்த் தோத்துட்டீங்களே?” “டாக்டர் கையெழுத்து இதுக்குத் தேவலைக்கா.” “அடியில ஒண்ணு மட்டும் பெருசா இருக்குதே, அது என்னங்க?” நர்ஸ் கண்ணாடியைக் கழற்றிவிட்டே வாசிக்கிறாள்: “குறிப்பைப் படிக்காமல் இயக்கினால் கம்பெனி பொறுப்பல்ல.” பாவாயி தாளை மடித்துப் பார்க்கிறாள், பழைய மடிப்புக்குத் திரும்ப அதற்கும் மனசில்லை. தகட்டை அதன்மேல் வீசிவிட்டுப் புடவையை வரிந்து செருகுகிறாள். முதல் சாக்கைத் தார்ப்பாயில் கொட்டி, கொத்தின்மேல் ஏறிக் குதிகாலால் மிதிக்கிறாள். மணிகள் உதிர்ந்து உருள்கின்றன. “செருப்பக் கழட்டிட்டு நீங்களும் வாங்க சிஸ்டர். இதுக்குப் படம் வேண்டாமுங்க.”