சுவிட்சில் ஒரு விரல்

பழுதான டிவியைத் தானே சரிசெய்வேன் என்று இறங்கிவிட்ட மனைவி, பிரித்துப் போட்ட மின்பலகைமேல் குனிந்திருக்கிறாள். மின்னோட்டத்தை அலைக்கோடாகக் காட்ட, புதிதாக வாங்கிய ஆசிலோஸ்கோப்பின் திரையில் ஒரு பச்சைக் கோடு நடுங்குகிறது. "நான் கத்தினா என்னைத் தொடாதீங்க, டிவி சுவிட்சை மட்டும் அணைங்க" என்று சொல்லி வைத்திருக்கிறாள். கணவன் சுவரோடு ஒட்டி நின்று, சுவிட்சில் விரல் வைத்தபடி அவள் கையையே பார்க்கிறான். அந்தக் கருவியின் கம்பி நுனியில் வாய் பிளந்த கறுப்புக் கிளிப் பலகையை நெருங்குகிறது. ஒரு நூல் இடைவெளியில் சட்டென நிற்கிறது.

"ஐயோ, இந்தக் கிளிப் எர்த்தோட சேர்ந்தது. கரண்ட் ஓடுற இடத்துல மாட்டினா வெடிச்சிடும். அணைங்க, அணைங்க!"

"நீ கிளிப்பைக் கையில எடுத்தப்பவே அணைச்சிட்டேன்."

சொல்லும் முன்பே அணைத்ததற்கு அவள் திட்டவில்லை. கிளிப்பைப் பலகையிலிருந்து தள்ளி வைக்கிறாள்.