நூறு வோல்ட் கீபோர்டு

“இனிமே சாக்கு சொல்ல முடியாது அண்ணி!” என்றபடி நாத்தனார் உள்ளே வந்தாள்.

பின்னால் அவள் புருஷன், மூச்சு வாங்க ஓர் இரும்புப் பெட்டியைத் தூக்கிவந்து கூடத்து மேஜையில் வைத்தான். டிரான்ஸ்பார்மர். சுவரிலிருந்து வரும் இருநூற்று முப்பது வோல்ட்டை நூறாகக் குறைத்துக் கொடுக்கும்.

மருமகள் கூடத்து மூலையில் இருந்த கீபோர்டைத் திரும்பிப் பார்த்தாள்.

அவளுடைய கீபோர்டு வெளிநாட்டுச் சரக்கு. சித்தப்பா கொண்டுவந்தது. நூறு வோல்ட்டுக்கு மேல் தாங்காது. கல்யாணமாகி வந்ததிலிருந்து யார் வாசிக்கச் சொன்னாலும், “இங்க இருக்கிற கரண்ட்ல செருகினா கருகிடும்” என்று சொல்லித் தப்பித்து வந்தாள்.

அது பொய்யும் இல்லை. அதனால்தான் இத்தனை நாள் தாக்குப்பிடித்தது.

மாமியார் மகனைத்தான் நச்சரிப்பாள். குறைக்கிற பெட்டி ஒன்று வாங்கி வரச் சொல்வாள். அவன் தலையை ஆட்டுவான், மறந்துவிடுவான். அவனுடைய மறதிக்கு இவள் மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டுக்கொள்வாள்.

ஏனென்றால், அவளுக்கு வாசிக்கத் தெரியாது. ஒரு வரிகூட.

சம்பந்தம் பேச இவர்கள் முதன்முதலாக வந்த அன்று, பேச்சு வற்றிப்போன நேரத்தில் அவள் அம்மா வாயைவிட்டுவிட்டாள். “எங்க பொண்ணு பிரமாதமா வாசிப்பா.”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அம்மாவின் முகம் வெளிறிவிட்டது.

கீபோர்டில் ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால், கடையில் வாங்க வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காக உள்ளேயே பதிந்து வைத்திருக்கும் பாட்டு ஒன்று தானாக ஓடும். அதை அழுத்திவிட்டுக் கட்டைகளின் மேல் விரல்களை ஓடவிட்டாள்; அழுத்தவில்லை, தடவினாள். பெரியவர்கள் கண்ணை மூடி ரசித்தார்கள்; மாமியாருக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாணம் அன்றைக்கே முடிவானது.

கீபோர்டையும் கையோடு கட்டிக் கொடுத்தார்கள். அதற்கான டிரான்ஸ்பார்மரை மட்டும் அவள் பிறந்த வீட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு வந்தாள்.

இன்றைக்கு வேறொரு டிரான்ஸ்பார்மர் தானாகவே அவளைத் தேடி வந்துவிட்டது.

பழையபடி அந்தப் பொத்தானை அழுத்திவிடலாம் என்று நினைத்தாள். நாத்தனார் அதற்கும் வழி விடவில்லை.

“நான் பாடுறேன். நீங்க கூடவே வாசிங்க.”

மாமியார் அதற்குள் மாடி வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுவிட்டாள். எதிர்வீட்டு டீச்சர் வந்து முன் நாற்காலியில் உட்கார்ந்தாள். கூடத்தில் ஆட்கள் நிறைந்து, வாசல் கதவையே திறக்க முடியாதபடி ஒரு ஸ்டூல் வேறு போட்டாகிவிட்டது.

வந்தவர்களுக்கு ஆப்பிள் நறுக்குகிறேன் என்று மருமகள் சமையலறைக்குள் நுழைந்துகொண்டாள்.

தலைசுற்றல் என்று படுத்துவிடலாமா? டாக்டரைக் கூப்பிடுவார்கள். படுத்தாலும் எத்தனை நாளைக்கு? பெட்டி இனி இந்த வீட்டில்தான் இருக்கப்போகிறது.

விரலில் ஆழமாக ஒரு வெட்டு. கட்டுப்போட்ட கையை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

கத்தியை ஆள்காட்டி விரலின் மேல் வைத்தாள். அழுத்தத் தைரியம் வரவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

யாரோ கத்தியை மெதுவாக வாங்கினார்கள். கணவன்.

எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று தெரியவில்லை. கத்தியைக் கழுவி, கம்பியில் மாட்டினான். “வா,” என்றான். அவ்வளவுதான்.

கீபோர்டின் முன் போய் உட்கார்ந்தாள். நாத்தனார் தொண்டையைக் கனைத்துக்கொண்டாள். டீச்சர் நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டாள்.

“ஒயரை நான் மாட்டுறேன்,” என்று கணவன் குனிந்தான்.

கீபோர்டின் பிளக்கில் இரண்டு தட்டைப் பற்கள். அது டிரான்ஸ்பார்மரில்தான் பொருந்தும், சுவரில் நுழையாது. அவன் சட்டைப் பையிலிருந்து சுவர் பிளக்குக்குப் பொருந்தும் உருண்டைக் கால்கள் வைத்த சின்ன வெள்ளை அடாப்டர் ஒன்றை எடுத்து அந்தப் பற்களில் செருகுவதை அவள் பார்த்தாள். அடுத்த நொடி, பிளக் நேராகச் சுவருக்குள் போனது. சுவிட்சைத் தட்டினான்.

கீபோர்டு ஒரே ஒரு தடவை உறுமியது. பட்டென்று ஒரு வெடிப்பு. கட்டைகளுக்கு நடுவிலிருந்து புகை சுருண்டு மேலே வந்தது.

டீச்சர் நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்துவிட்டாள்.

“ஐயோ மறந்துட்டேனே!” என்று அவன் தலையைச் சொறிந்தான்.

“பெட்டி பக்கத்துலயே இருக்கு, கண்ணு எங்கடா போச்சு?” மாமியார் நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். “ஊர்ல பாதி வீட்டுக்கு வயரிங் பண்ணிக் கொடுத்தவன், சொந்த வீட்டுல போய் இப்படிப் பண்ணுவானா!”

அவன் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினான். பெட்டியைத் தூக்கிவந்த மச்சானிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

கூட்டிய கூட்டத்தைச் சும்மா அனுப்பக் கூடாதென்று நாத்தனார் துணையில்லாமலே பாட ஆரம்பித்தாள். நன்றாகத்தான் பாடினாள்.

அவன் புகை போவதற்கு ஜன்னலைத் திறந்தான். உதவுகிற சாக்கில் அவளும் பக்கத்தில் போய் நின்றாள்.

“எப்பத்திலேர்ந்து தெரியும்?”

அவன் தங்கை பாடுவதையே பார்த்தபடி, உதடு அசையாமல் சொன்னான்.

“உங்க வீட்டுக்கு வந்த அன்னைக்கே. நடுவுல அவுந்த கொண்டைய ரெண்டு கையாலயும் எடுத்து முடிஞ்ச. பாட்டு அது பாட்டுக்குப் போயிட்டிருந்துச்சு.”