சோதனைக்கு ஒன்று, குடோனுக்கு ஒன்று

ஜெசிந்தா சோதனைக்காகக் கம்ப்யூட்டரில் விஷவாயு அளவைக் கூட்டிக் காட்டியதும் விழுப்புரம் ஆபீசே அதிரும்படி சைரன் அலறியது.

"சத்தம் ஜோரா கீதும்மா!" என்றார் முதலாளி தாண்டவராயன்.

ஜெசிந்தா சிரிக்கவில்லை. அவள் புரோகிராம் எழுதும் கம்ப்யூட்டர் மொழியில், வேண்டாத வரிகளை விட்டுவிட்டு புரோகிராமைத் தயாரிக்கும் வசதி கிடையாது. அதற்காக அவளே ஒரு சின்னக் கருவி எழுதியிருந்தாள். நேற்று அது இரண்டு புரோகிராம்கள் தந்தது. ஆபீஸ் சோதனைக்குச் சைரன் இல்லாதது ஒன்று. திண்டிவனத்தில் மல்லாட்டைக் கடலை உலர்த்தும் குடோனுக்குச் சைரன் உள்ளது ஒன்று. அங்கே அடுப்பிலிருந்து கசியும் விஷவாயுவுக்கு வாசனையே இருக்காது. அந்தக் குடோனுக்குப் போக வேண்டிய புரோகிராம்தான் இப்போது இங்கே அலறுகிறது.

உடனே குடோன் வாட்ச்மேனுக்குப் போன் போட்டாள்.

"குமரேசண்ணா, அங்க சைரன் அடிச்சுதா?"

"காலையிலேர்ந்து ஒரு சத்தமும் இல்லம்மா. மழைக்குளிருக்கு இதமா இருக்குன்னு, வேலையாளுங்க ஆறு பேரும் சாப்பிட்டுட்டு அடுப்பாண்டயே படுத்துக்கினாங்க. லாரி வந்து நிக்குது. நானும் வாசல்ல நின்னுக்கினு எவ்ளோ நேரமா கூப்பிடுறேன், ஒருத்தரும் அசைய மாட்டேங்கறாங்க. இருங்க, உள்ள போயி எழுப்பிட்டு வர்றேன்."

"அண்ணா, போவாதீங்க!" என்று கத்தினாள்.

போன் ஏற்கெனவே கட் ஆகியிருந்தது.