செல்லூர்ச் சுவரில்

கருவிழிகள் இரண்டையும் அழித்து முடித்திருந்தாள்.

கணினித் திரையில் இருந்த பெண்ணுக்கு இப்போது வெறும் வெள்ளை விழி.

கன்னத்தில் சாம்பல் நிறம் பூசினாள். உதட்டோரத்தை ஒரு நூல் அளவு கீழே இழுத்தாள்.

பேய் வந்துவிட்டது.

படத்தில் பேயாக நடித்த பெண்ணின் வீட்டார், போஸ்டரில் அவள் முகம் வரக் கூடாது என்று சொல்லிவிட்டார்களாம். கல்யாணப் பேச்சு நடக்கிறதாம். வேறு முகம் ஒன்றை நீங்களே உருவாக்குங்கள் என்று இயக்குநர் போனில் சொல்லியிருந்தார். நாளை அச்சுக்குப் போக வேண்டும்.

உசிலம்பட்டிப் பேருந்து நிலையத்துக்கு எதிரே அவளுடைய டிசைன் கடை. காதணி விழா, பூப்புனித நீராட்டு, கடை திறப்பு. எல்லாவற்றையும்விட அதிகம், கண்ணீர் அஞ்சலி.

கணினியில் இறந்தவர்களின் முகங்கள் ஆண்டுவாரியாகக் கிடந்தன.

அவற்றிலிருந்துதான் ஒன்றை எடுத்திருந்தாள்.

கண்ணும் மூக்கும் வாயும் மட்டும்தானே. யாருக்குத் தெரியப்போகிறது.

"தாயி."

வாசலில் காசிமாயன். போன வருடம் மகளுக்கு அஞ்சலி போஸ்டர் அடிக்க வந்தவர்.

"அடுத்த வாரம் வருசம் திரும்புது தாயி. அதே போட்டோவ வச்சு..."

திரை ஓரம் கண்ணில் பட்டதும் நிறுத்திக்கொண்டார்.

திரையை மூட அவளுக்கு நேரம் இருந்தது. கை நகரவில்லை.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். வேட்டி நுனியில் துடைத்தார். மாட்டிக்கொண்டு மேசையைச் சுற்றி வந்தார்.

அவள் எழுந்து நின்றாள்.

"மன்னிச்சிருங்கய்யா. இப்பவே அழிச்சிர்றேன்."

இரு என்பதுபோலக் கையைக் காட்டினார்.

"அன்னமயிலு" என்றார், திரையைப் பார்த்து.

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"எதுக்கு தாயி இது?"

"பேய்ப் படத்துக்குங்கய்யா. போஸ்டர்."

"எங்கெல்லாம் ஒட்டுவாங்க?"

"இங்க. தேனி. மதுரை பூராவும்."

"செல்லூர்ல?"

அவளுக்கு அப்போதுதான் நினைவு வந்தது.

மகள் அன்னமயிலைக் கட்டிக்கொடுத்த இடம் மதுரை செல்லூர். மாடிப்படியில் வழுக்கி விழுந்தாள் என்றான் மாப்பிள்ளை. அந்தத் தெருவில் அன்று அலறல் கேட்டவர்கள் இருந்தார்கள். சாட்சி சொல்ல ஒருவரும் வரவில்லை. அஞ்சலி போஸ்டரில் என்ன போடட்டும் என்று அவள் கேட்டபோது, "அகால மரணம்னு போடு தாயி, போதும்" என்றிருந்தார் காசிமாயன்.

"செல்லூர்லயும் ஒட்டுவாங்கய்யா."

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

பிறகு சொன்னார்.

"பேயாவே இருக்கட்டும். கண்ண மட்டும் பழையபடி வச்சிரு."

"அய்யா..."

"இல்லாட்டி அவனுக்கு அடையாளம் தெரியாது."

அவள் உட்கார்ந்தாள். பழைய படத்தைத் திறந்தாள். முதலில் இடது கண். இமை ஓரம். கருவிழிக்குள், படம் எடுத்த அன்றைய வெளிச்சம் ஒரு புள்ளியாக இருந்தது. அதையும் எடுத்து வைத்தாள்.

வலது கண் வரும்வரை அவரால் இருக்க முடியவில்லை. எழுந்து வெளியே போய், சாலையைப் பார்த்தபடி நின்றார். துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார்.

வந்த காரியத்தைப் பேசாமலே போய்விட்டார்.

மாலையில் இயக்குநர் வந்தார். போஸ்டர் முன்னால் கொஞ்சம் தயங்கினார்.

"பேய்க்குக் கண்ணு இப்படி இருக்கலாமாக்கா?"

"இருக்கலாம்."

நான்கு நாள் கழித்து, காலை பத்தரை மணிக்குப் போன் அடித்தது. மதுரையில் போஸ்டர் ஒட்டும் சிக்கந்தர்.

"அக்கா, செல்லூர்ல நீங்க சொன்ன தெருவுல நாலு ஒட்டுனேன். டீ குடிச்சிட்டு வந்து பாத்தா மூணக் காணோம். நாலாவத ஒரு ஆளு நகத்தாலயே பிராண்டிக்கிட்டிருக்காரு. பசைகூடக் காயல. தெருவே கூடி நிக்குது."

"கூடி நிக்கிறவங்க என்ன சொல்றாங்க?"

"ஒண்ணும் சொல்லலக்கா. போஸ்டர விட்டுட்டு அவரையே பாத்துக்கிட்டிருக்காங்க."

அவள் நாற்காலியில் நிமிர்ந்தாள்.

"கையில இன்னும் எத்தன இருக்கு?"

"இருபது இருக்கும்."

"எல்லாத்தையும் அந்தத் தெருவுலயே ஒட்டு."