கிருமியின் பூர்விகம்

பல்லடத்தில் இப்போதெல்லாம் கிருமிக்கும் பூர்விகம் பார்க்கிறார்கள். புண்ணிலிருந்து ஒரு துளி சீழ் போதும். ஆஸ்பத்திரிப் பெட்டி அதன் மரபணுவைப் படித்து, அந்தக் கிருமி எங்கே மருந்துக்குச் சாகாமல் பழகியது என்று கதவு எண்ணோடு சொல்லிவிடும்.

பக்கத்துக் கோழிப்பண்ணை ராக்கியப்பனுக்குக் காலில் ஆணி குத்தி, எந்த மருந்துக்கும் கேட்காமல் முழங்கால்வரை கறுத்துவிட்டது. காலை எடுத்தாக வேண்டும் என்றார் டாக்டரம்மா.

"எவன் ஊட்டுக் கிருமின்னு சொல்லுங்க, அவன் காலையும் சேத்து எடுக்கோணும்!" என்று கத்தியவர், பார்க்கப் போன என்னை முறைத்தார். "உன்ற ஊட்டுதாத்தான் இருக்கும். காய்ச்சல் உட்டதுமே மாத்திரையச் சாக்கடைல வீசற ஆளு நீ!"

"என்ற ஊட்டுக் கிருமி உங்களை நக்கிக்கூடப் பாக்காதுங்க. அதுக்கும் ருசி தெரியும்" என்றேன்.

பெட்டி அவருடைய கோழிக் கொட்டகையின் விலாசத்தைச் சொன்னது. கோழி சீக்கிரம் கொழுக்கட்டும் என்று அவர் தீனியில் கலந்த கிருமிக்கொல்லி மருந்தில்தான் கிருமி பழகியிருந்தது.

கால் போய் வீடு திரும்பியவரை வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தேன். கக்கத்தில் கட்டையை ஊன்றிக்கொண்டு தீனியில் அதே மருந்தைக் கலந்துகொண்டிருந்தார்.

"இன்னுமாங்க?"

"எனக்குக் காலுதான் போச்சு. கோழியும் எளைச்சுப் போகோணுமா? வேலையப் பாத்துட்டுப் போய்யா!"