எட்டிப் பிடித்த கை

வில்வநாதனுக்கு இரவு வேலை; பகலில்தான் தூக்கம். மகள் இன்னிலாவை வெள்ளம் கொண்டுபோன பிறகு, தூக்கத்தில் கையை வீசி எதையோ பிடித்து இழுப்பார். ஒருமுறை அப்படி இழுத்ததில், பக்கத்தில் படுத்திருந்த மனைவி செங்கமலத்தின் மணிக்கட்டு முறிந்தது. அன்றே அவர் கழுத்தில் ஒரு மருந்து வில்லையை ஒட்டிக்கொண்டார். கனவு காணும்போது அது உடம்பை அசையவிடாது.

அதன்பின் கட்டைபோலத் தூங்கினார். ஆனால் சோறு இறங்கவில்லை.

"என்னங்க ஆச்சு? நல்லாத்தானே தூங்குறீங்க?" என்று செங்கமலம் கேட்டாள்.

"முன்னெல்லாம் அவளை எட்டிப் பிடிச்சிருவேன், கமலம். கரையில இழுத்துப் போட்டுருவேன். முழிச்சாதான் அவ இல்லன்னு தெரியும். இப்ப கனவுலயும் கை எழும்ப மாட்டேங்குது. அப்பான்னு கூப்பிட்டுக்கிட்டே போறா. பாத்துக்கிட்டே நிக்கிறேன்."

மறுநாள் அவர் படுத்ததும் செங்கமலம் வில்லையை உரித்தெடுத்தாள்.

"வேணாம், உனக்கு அடிபடும்."

"பட்டா படட்டும்" என்று பக்கத்திலேயே படுத்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் அவர் கை எழுந்து காற்றில் துழாவியது. அவள் தோளைப் பற்றி மூச்சிரைக்க இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டார். கண் திறக்கவில்லை.

"வந்துட்டியா கண்ணு?"

"வந்துட்டேம்பா" என்றாள் செங்கமலம்.